கடைசிக் கையெழுத்து யாருடையது

என்ஜின் அத்தாட்சி இயக்ககத்தின் முற்றத்தில், பச்சைத் தார்ப்பாய்க்கு அடியில், 'வெக்டர் என்ஜின்' என்று பெயரிட்ட இரண்டு இயந்திரங்கள் பனி உருகத் தொடங்கியதிலிருந்து நின்றுகொண்டிருந்தன. ஒன்று கணக்குப் போடுவது. மற்றது வண்டி இழுப்பது. இரண்டும் ஒரே வெளிநாட்டு உதவியில், ஒரே சரக்குப் பெட்டகத்தில், ஒரே தலைப்பின் கீழ் வந்து இறங்கியவை. அதிகாரிகள் ஒன்றை மற்றதென்று நினைத்துக் குழம்பிவிட்டார்கள் என்று பிற்பாடு பத்திரிகைகள் எழுதின. அது அநியாயம். தலைநகர் பிஷ்கெக்கில் அந்தக் கட்டடத்துக்குள் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. வெறும் குழப்பமாக இருந்திருந்தால் ஒரு மத்தியானத்தில் தீர்த்திருக்கலாம்.

கணக்குப் போடும் என்ஜின் உர்மத்துக்கு வர வேண்டியது. அவன் மலையில் சேற்றுவெள்ளக் கண்காணிப்பு நிலையத்தின் பொறியாளர். நிலையத்துக்கு மேலே பனியாற்றின் காலடியில் ஓர் ஏரி. அதைத் தடுத்து நிற்பது கல்லும் பனிக்கட்டியும் கலந்த ஒரு கரை. நிலையத்துக்குக் கீழே தாஷ்-ஓசோன் என்ற ஊர். கரை தாங்குமா தாங்காதா என்று ஒவ்வொரு கோடையிலும் கணக்குப் போட்டுச் சொல்வது உர்மத்தின் வேலை. நிலையத்தின் பழைய கணிப்பொறி ஒரு கணக்கை முடிக்க இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். எனவே அது எப்போதும் முந்தாநாள் ஏரியைப் பற்றி மிகத் துல்லியமாகச் சொல்லும்.

இன்றைய ஏரியைப் பற்றி உர்மத் ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. போன கோடையில் மூன்று முறை ஊரை மேட்டுக்கு ஏறச் சொன்னான். மூன்று முறையும் ஜனங்கள் பாயையும் தேநீர்க் கெண்டியையும் தூக்கிக்கொண்டு ஏறி, தண்ணீர் வராமல் இறங்கினார்கள். ஓடைக்கரையில் ரொட்டி அடுப்பு வைத்திருந்த அவன் தங்கை கனிஷாய்க்கு மூன்று முறையும் அடுப்பிலிருந்த ரொட்டி கரியாகிப் போனது.

இந்த வருஷம் அவளே போன் செய்தாள். பைகே என்றால் அண்ணன்; மூத்த ஆண்களையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

"என்ன பைகே, எப்போ ஓடச் சொல்லப் போறே? முன்னாடியே சொல்லிட்டா அன்னிக்கு மாவு பிசையாம இருப்பேன்."

"கிண்டல் பண்ணாதே. மெஷின் வந்துட்டா சரியாச் சொல்லிடுவேன். அரை மணி நேரத்துல கணக்கு வந்துடும்."

"மெஷின் எங்கே?"

"முற்றத்துல நிக்குது."

"வேலை பாக்குற பொருளை யாராவது ஆபீஸ் முற்றத்துல வைப்பாங்களா? கெட்டுப் போயிடாது?"

பக்கத்தில் அவள் கணவன் தாலாய் சிரிப்பது கேட்டது. ஊரின் பஸ் ஓட்டுநர். பெட்டகத்தில் வந்த இன்னொரு என்ஜின், அதாவது வெள்ளத்தில் மாட்டியவர்களை மீட்கும் வண்டி, அவன் கையில்தான் ஒப்படைக்கப்படும் என்று முடிவாகியிருந்தது. போனை வாங்கி, "உங்களுதுக்கும் என்னுதுக்கும் ஒரே பேராமே? என்ன வித்தியாசம்?" என்று கேட்டான்.

"பழைய கணிப்பொறி ஒவ்வொரு ஆடாப் பிடிச்சுத் திருப்பும்," என்றான் உர்மத். "இது மேய்ப்பன் மாதிரி. ஒரே அதட்டு, மந்தையே திரும்பிடும். ஏரியில ஆயிரமாயிரம் புள்ளி இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே கணக்கு. அதை ஒரே மூச்சுல போட்டுடும்."

"அப்போ என்னுது நேர்மாறு. நாலு சக்கரத்துக்கும் நாலு விதமா விசை போகும். எது சேத்துல, எது கல்லுலன்னு பார்த்து, இதுக்கு இவ்வளவு அதுக்கு அவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுக்கும். நல்ல குதிரை காலை வைக்கிற மாதிரி."

இவ்வளவுதான் விஷயம். ஒரு பஸ் ஓட்டுநருக்கு அது ஒரு தேநீர் ஆறுவதற்குள் புரிந்துவிட்டது. இயக்ககத்தின் தலைவர் ஷர்ஷென் அசனோவிச்சுக்கும் புரிந்திருந்தது. அவர் அதை உர்மத்திடம் முதல் சந்திப்பிலேயே சொன்னார்.

"எங்களை மடையங்கன்னு நினைக்காதே தம்பி. அது கணிப்பொறின்னு எனக்குத் தெரியும். என் பேரன்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ஆனா பெட்டகம் ஒண்ணு, அத்தாட்சி ஒண்ணு. அதுல ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். நானும், அந்தப் புது எண்ணியல் முகமைத் தலைவரும்."

"அவர் போட மாட்டேங்கறாரா, பைகே?"

"போடுவார். யார் முதல்ல போடறதுங்கறதுதான் பிரச்சினை."

கையெழுத்து எப்போதும் கீழிருந்து மேலே ஏறும். சின்னவர் முதலில் போடுவார், பெரியவர் கடைசியாகப் போட்டு முத்திரை வைப்பார். ஷர்ஷென் அசனோவிச் முப்பது வருஷமாக லாரி என்ஜின்களுக்குக் கடைசியாகக் கையெழுத்திட்டவர். கணிப்பொறிகளைக் கவனிக்கும் எண்ணியல் முகமையின் தலைவர் மக்சத்துக்கு முப்பத்தெட்டு வயது. ஆனால் அவரது முகமை நேரடியாக மேலிடத்தின் கீழ் வந்தது. இருவரும் சமம் என்று ஆணையில் எழுதியிருந்தது. ஆணையை எழுதிய வெளிநாட்டு ஆலோசகர் ஊர் திரும்பிவிட்டார்.

உர்மத் மக்சத்தையும் போய்ப் பார்த்தான். அவர் அலுவலகத்தில் கதவுகளே இல்லை. கண்ணாடிச் சுவர்கள்.

"எங்க முகமையில பெரியவர் சின்னவர்ங்கற பழங்காலப் பேச்சே கிடையாது," என்றார் மக்சத். "எல்லாரும் சமம். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கறோம். இந்தக் கொள்கையை நாடு புரிஞ்சுக்கணும்னா, நான் கடைசியாத்தான் கையெழுத்துப் போடணும்."

"ஏரி நிறையுது, மக்சத்."

மக்சத் முகம் சற்றே மாறியது. "மக்சத் துருசுனோவிச்," என்று அப்பா பெயரையும் சேர்த்துத் திருத்தினார்.

யார் பெரியவர் என்று சொல்ல முடியாத நிலையில், என்ஜின்கள் யாருடையவை என்பதை நிரூபித்துவிட்டால் போதும் என்று இரு தரப்பும் தனித்தனியே முடிவெடுத்தன. பரிசோதனைகள் தொடங்கின.

இயக்ககத்தின் விதிப்படி எந்த என்ஜினுக்கும் முதலில் புகைப் பரிசோதனை. கணிப்பொறியின் பின்புறத்தில் காற்று வெளியேறும் துளைக்கு எதிரே குழாயைப் பிடித்தார்கள். புகை இல்லை. பரிசோதகர் மறுபடியும் பிடித்தார். இல்லை. ஷர்ஷென் அசனோவிச் தாமே வந்து குனிந்து முகர்ந்தார்.

"புகையே இல்லேன்னா ஓடலேன்னு அர்த்தம்," என்றார்.

"இன்னும் மின்சாரம் கொடுக்கவே இல்லையே, பைகே," என்றான் உர்மத்.

நியாயம்தான் என்று முற்றத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டரை இழுத்து வந்து இணைத்தார்கள். கணிப்பொறி விழித்தது. ஜெனரேட்டர் கறுப்பாக இருமியது. குழாயை அதற்கு எதிரே பிடித்தார்கள். புகை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தது. கணிப்பொறி தேறியது. எல்லாரும் கைகுலுக்கினார்கள். உர்மத்தும் குலுக்கினான். வேறென்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஏற்றப் பரிசோதனை. மலைநாட்டில் எந்த என்ஜினும் மலையேறிக் காட்ட வேண்டும். கணிப்பொறியைத் தூக்கி மீட்பு வண்டியில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். தாலாய் ஓட்டினான். ஷர்ஷென் அசனோவிச் தன் காரில் தார்ச்சாலை வழியாக வந்தார். வண்டிக்கான வழி சரிந்த கல்லும் ஓடையுமாக இருந்தது. வண்டி ஒவ்வொரு சக்கரத்தையும் யோசித்து வைப்பது போல ஏறியது. தாலாய் சந்தோஷத்தில் பாடவே ஆரம்பித்துவிட்டான். உர்மத் கணிப்பொறியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான்.

பரிசோதனைப் பாதை தாஷ்-ஓசோனில் முடிந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் வண்டி நின்றது. அங்கிருந்து பார்த்தால் கண்காணிப்பு நிலையத்தின் தகரக் கூரை தெரியும். கல்லெறி தூரம்.

உர்மத் காருக்கு ஓடினான். "பைகே, நிலையம் அதோ. இங்கேயே இறக்கிடலாம். வயரை மாட்டினா இன்னிக்கே வேலை செய்யும்."

ஷர்ஷென் அசனோவிச்சுக்கு உண்மையிலேயே வருத்தம் ஏற்பட்டது. அவர் கெட்ட மனிதர் அல்ல. மைதானத்தை ஒட்டியிருந்த கனிஷாயின் அடுப்பருகே காரை நிறுத்தி, அவள் கொடுத்த சூடான ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, பரிசோதனைக்குன்னு வந்ததை எப்படி இறக்கி வைக்கறது? நாளைக்கு யாராவது, தேறாத என்ஜினை வச்சு ஜனங்க உயிரைக் காப்பாத்தினீங்களான்னு கேட்டா, நான் என்ன பதில் சொல்வேன்?"

கனிஷாய் அடுப்புக்குள் கையை விட்டபடியே கேட்டாள்: "அப்போ காப்பாத்தாம விட்டா யாரும் கேக்க மாட்டாங்களா, அசனோவிச்?"

"அதுக்குன்னு தனித் துறை இருக்கு, மகளே," என்றார் அவர். இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

கணிப்பொறி காரின் பின் இருக்கையில் முற்றத்துக்கே திரும்பிப் போனது. மீட்பு வண்டி திரும்பவில்லை. அதற்குக் காரணம் மக்சத்.

வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுப்பது ஒரு சின்னக் கணிப்பொறி. ஆகவே வண்டி கணிப்பொறி வகை, ஆகவே அது எண்ணியல் முகமையுடையது என்று மக்சத் அன்று மாலையே அறிவித்தார். முகமையின் விதிப்படி எல்லாக் கணிப்பொறிகளுக்கும் கடவுச்சொல் வேண்டும், திங்கட்கிழமைதோறும் அது மாற வேண்டும். பிஷ்கெக்கிலிருந்தபடியே வண்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். புதிய கடவுச்சொல் ஒவ்வொரு திங்களும் வண்டியின் திரைக்கு அனுப்பி வைக்கப்பட்டது. வண்டியைக் கிளப்பினால்தான் திரை எரியும்.

தாலாய் முகமைக்குப் போன் செய்தான். மிகவும் மரியாதையான ஒரு பெண் குரல், "உங்க புகார் வண்டிக்கு அனுப்பப்பட்டிருக்கு," என்றது.

அதற்குப் பிறகு வண்டி மைதானத்திலேயே நின்றது. பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடினார்கள். தாலாய் வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழுவினான்.

ஜூலை மத்தியில் மேலிடத்துக்கே இது சலித்துவிட்டது. இருவரும் ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து, ஓர் ஆட்டைச் சாப்பிட்டு, சமாதானமாகிக் கையெழுத்திட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கோடை மேய்ச்சல் வெளியில் வெள்ளைக் கம்பளிக் கூடாரம் போட்டார்கள். இரண்டு துறைகளையும் சேராதவன் என்பதால் இறைச்சி பரிமாறும் பொறுப்பு உர்மத்துக்கு வந்தது.

உர்மத் அதற்கு முந்திய ராத்திரி தூங்கவில்லை. அந்த மலைநாட்டில் ஆட்டின் எந்த எலும்பு யாருக்கு என்பதில்தான் ஒருவருடைய இடம் இருக்கிறது. இடுப்பெலும்பு பெரியவருக்கு. நல்லவேளையாக ஆட்டுக்கு இடுப்பெலும்பு இரண்டு. இருவருக்கும் ஆளுக்கொன்று. ஆனால் யாருக்கு முதலில்? முதலில் வாங்கியவர் பெரியவராகிவிடுவார். மற்றவர் எழுந்து போய்விடுவார். விடியும்போது அவனுக்கு வழி தெரிந்தது. அவனுடைய இயந்திரமே காட்டிய வழி. ஒவ்வொரு ஆடாகத் திருப்ப வேண்டியதில்லை. ஒரே மூச்சில் இரண்டையும் கொடுத்துவிடலாம்.

கூடாரத்தில் வாசலுக்கு எதிரே, உயர்ந்த இடத்தில், இருவரையும் ஒரே மெத்தையில் உட்கார வைத்திருந்தார்கள். முதலில் வாழ்த்துரைகள்.

ஷர்ஷென் அசனோவிச் கோப்பையை உயர்த்தினார். "எங்க இயக்ககம் தொடங்கினதுலேருந்து நாங்க அத்தாட்சி கொடுத்த ஒரு என்ஜின்கூட விபத்துல சிக்கினதில்ல. ஏன்னா நாங்க அவசரப்பட்டுக் கொடுக்கறதே இல்ல. பல என்ஜின்கள் எங்க முற்றத்துலயே முழு ஆயுசையும் பத்திரமா கழிச்சிருக்கு."

கைதட்டல்.

மக்சத் புளித்த குதிரைப்பாலான குமிஸைத் தொடாமல் தண்ணீர்க் கோப்பையை உயர்த்தினார். "இது வேகத்தோட காலம். இந்த இயந்திரம் ஒரு நொடியில எத்தனை கோடிக் கணக்குப் போடும்னு எங்க முகமை நாலு மாசமா ஆராய்ஞ்சுட்டு வருது. முடிவு சீக்கிரம் வரும்."

இன்னும் பலத்த கைதட்டல்.

உர்மத்தின் சட்டைப்பையில் ரேடியோ கரகரத்தது. ஏரிக்கரையிலிருந்த கண்காணிப்பாளர். தண்ணீர் போன வருஷ அடையாளக் கல்லைத் தாண்டிவிட்டது என்றார். உர்மத் சபைக்கு அதைச் சொன்னான்.

"அப்போ சீக்கிரம் பரிமாறு, தம்பி," என்றார் ஷர்ஷென் அசனோவிச். "பசியோட இருந்தா நல்ல முடிவு வராது."

உர்மத் இரண்டு இடுப்பெலும்புகளையும் எடுத்தான். ஒவ்வொரு கையிலும் ஒன்று. இருவருக்கும் நடுவே வந்து நின்று, குனிந்து, இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் நீட்டினான். நொடிகூட முன்னே பின்னே இல்லை. சபையில் ஒரு மெச்சும் முணுமுணுப்பு எழுந்து, பாதியிலேயே அறுந்தது.

அவன் வலது கைக்கு நேரே ஷர்ஷென் அசனோவிச் இருந்தார். இடது கைக்கு நேரே மக்சத்.

உணவை இடது கையால் கொடுக்கக் கூடாது. நாய்க்குக்கூட வலது கையால்தான் போடுவார்கள். உர்மத்துக்கு இது பேச்சு வருமுன்பே தெரிந்த விஷயம். ஏரியும் வரிசையும் மனதை அடைத்திருந்ததில், தனக்கு இரண்டு வலது கைகள் இல்லை என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

பழங்காலப் பேச்சுகளில் நம்பிக்கை இல்லாத மக்சத் எலும்பைப் பார்த்தார். கையைப் பார்த்தார். எழுந்தார்.

"இதை ஏற்பாடு பண்ணினது யாருன்னு எனக்குத் தெரியும்," என்று ஷர்ஷென் அசனோவிச்சைப் பார்த்துச் சொன்னார்.

"துருசுனோவிச், என் தப்பு, என் தப்பு மட்டும்தான்," என்று உர்மத் வாசல்வரை ஓடினான். "வேணும்னா மண்டி போடறேன். ஊருக்கு மேல ஏரி நிக்குது. கையெழுத்தைப் போட்டுட்டுக் கோவிச்சுக்குங்க."

"இது தனிப்பட்ட கோவம் இல்ல," என்றார் மக்சத், கார்க்கதவைத் திறந்தபடி. "நீங்க அவமானப்படுத்தினது முகமையை."

உள்ளே ஷர்ஷென் அசனோவிச் தன் எலும்பைச் சாப்பிட்டு முடித்தார். பெருந்தன்மையோடு இரண்டாவதையும் வாங்கிக்கொண்டார்.

உர்மத் நிலையத்துக்குத் திரும்பி, பழைய கணிப்பொறியில் அன்றைய அளவைப் போட்டான். அது உறுமிக்கொண்டே வேலையைத் தொடங்கியது. மறுநாள் காலை கண்காணிப்பாளர், கரையின் அடியில் கலங்கல் நீர் கசிகிறது என்றார். கணிப்பொறி இன்னும் பாதி வழியில்கூட இல்லை. உர்மத் தங்கைக்குப் போன் செய்தான்.

"எல்லாரையும் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே."

"கணக்கு சொல்லுதா, நீ சொல்றியா?"

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு நெடுநாள் நினைத்துக்கொண்டான். "நான்தான் சொல்றேன்."

"மாவு பிசைஞ்சுட்டேன், பைகே," என்றாள் கனிஷாய். பிறகு குரல் மாறியது. "சரி, போறேன். ஆனா மத்தவங்க வர மாட்டாங்க. போன வருஷத்து ஓட்டத்தையே இன்னும் சொல்லிச் சிரிக்கறாங்க."

தாலாய் முதலில் மைதானத்துக்கு ஓடினான். வண்டிக்குள் உட்கார்ந்து பூட்டின் பொத்தான்களில் தெரிந்த சொற்களையெல்லாம் அடித்துப் பார்த்தான். பிறகு இறங்கி, பக்கத்து வீட்டுக் குதிரையை அவிழ்த்து, ஓடையை ஒட்டி மேல்வீடுகளை நோக்கிப் போனான். ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தினான். சிலர் சிரித்தார்கள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்த பலர் கிளம்பினார்கள். கடைசி வீட்டில் நடக்க முடியாத ஒரு மனிதரைக் குதிரையில் ஏற்றி மேட்டுப் பக்கம் விரட்டிவிட்டு, அவன் நடந்து திரும்பிக்கொண்டிருந்தபோது மலை இருமியது.

சேறு கல்லையும் மரத்தையும் சுமந்துகொண்டு வந்தது. ரொட்டி அடுப்பையும் பாலத்தையும் ஓடைக்கரை வீடுகளையும் எடுத்துக்கொண்டு போனது. மைதானத்தில் மீட்பு வண்டி கதவு மட்டத்துக்குச் சேற்றில் புதைந்து, நாலு சக்கரமும் நல்ல நிலையில், நின்றது. தாலாய் மறுநாள் கிடைத்தான்.

அன்று சாயங்காலம் பழைய கணிப்பொறி கணக்கை முடித்தது. கரை உடையும் என்று சொன்னது. தாஷ்-ஓசோன் உடனே காலி செய்யப்பட வேண்டும் என்றும் சொன்னது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அத்தாட்சி அதே வாரம் வெளிவந்தது. யார் கடைசி என்ற பிரச்சினையை இரு துறைகளும் நேர்த்தியாகத் தீர்த்திருந்தன. இரண்டு பிரதிகள், இரண்டு பேனாக்கள், ஒரே நொடி. அந்த யோசனை யாரிடமிருந்து வந்தது என்று யாரும் குறிப்பிடவில்லை. தேதி மட்டும் விருந்துக்கு முந்திய நாளுடையதாக இருந்தது. அதாவது வெள்ளத்தன்று இரண்டு என்ஜின்களும் புகை, ஏற்றம், பாதுகாப்பு எல்லாவற்றிலும் தேறி முழு இயக்கத்தில் இருந்தன. கணிப்பொறி உர்மத்தின் பொறுப்பில் இருந்தது. வண்டி தாலாயின் பொறுப்பில் இருந்தது. இவ்வளவு நல்ல இயந்திரங்கள் கையில் இருந்தும் எச்சரிக்கை ஏன் சரியாகப் போகவில்லை என்று கேட்டு உர்மத் மீது விசாரணை தொடங்கியது. தாலாய் இறந்துவிட்டதால் அவன்மீது நடவடிக்கை எடுப்பதில்லை என்று இயக்ககம் மனிதாபிமான அடிப்படையில் முடிவெடுத்தது.

விசாரணை அதிகாரி நல்ல இளைஞன். "மெஷின் முற்றத்துல இருந்துச்சுன்னு சொல்றீங்க. யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டான்.

"முற்றத்துல இருந்த எல்லாரும் பார்த்தாங்க."

"அவங்க எல்லாரும் பார்க்கலன்னு சொல்லிட்டாங்களே, பைகே."

தாலாயின் நாற்பதாம் நாள் விருந்துக்கு இரண்டு தலைவர்களும் வந்தார்கள். ஒரே காரில் வந்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் முன்னமே வந்திருந்தார்கள். கூடாரத்தில் வாசலுக்கு எதிரே இருவரும் ஒரே மெத்தையில் உட்கார்ந்தார்கள். ஷர்ஷென் அசனோவிச், தியாகம் எந்த அத்தாட்சியும் தேவைப்படாத என்ஜின் என்று பேசினார். மக்சத் துருசுனோவிச், தாலாயின் பெயரை அடுத்த திங்களின் கடவுச்சொல்லாக வைக்க முகமை தீர்மானித்திருப்பதாக அறிவித்தார்.

உர்மத் இறைச்சித் தட்டைத் தூக்க எழுந்தான். கனிஷாய் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். புருஷனை இழந்த பெண் அந்தக் கூடாரத்தில் எழுந்து வரக் கூடாது, இறைச்சி பரிமாறவும் கூடாது. கறுப்புத் துணி போர்த்திய அவள் எழுந்து வந்தபோது யாருக்கும் தடுக்க வாய் வரவில்லை.

அடுப்பு போய்விட்டாலும் அவள் கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இடது கையால் ஓர் இடுப்பெலும்பை எடுத்து ஷர்ஷென் அசனோவிச்சிடம் நீட்டினாள். பிறகு அதே இடது கையால் மற்றதை எடுத்து மக்சத்திடம் நீட்டினாள். அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காமெராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இருவரும் தலை குனிந்து, இரண்டு கைகளாலும், மிகுந்த மரியாதையோடு வாங்கிக்கொண்டார்கள்.